எண்ணெய் பாட்டில்ல மொதல்ல தேதி எழுதுங்க, எந்த எண்ணெய்னு அப்புறம் பேசலாம்

போன வருஷம் வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுத்து பாத்ததுல எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், லிட்டருக்கு 4.4 மில்லிமோல்னு ஜாஸ்தியா வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரே மாசத்துல எங்க குசினியில ஆறு எண்ணெய் வந்து நின்னுச்சு. எப்பவும் வாங்குற அஞ்சு கிலோ செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஒண்ணு, மாமியார் "இதுதான் மருந்து"ன்னு குடுத்த தேங்காய் எண்ணெய் ஒண்ணு, நாத்தனார் கொண்டு வந்த ஆலிவ் எண்ணெய், இங்க பினாங்கு லிட்டில் இந்தியாவுல நானே போயி வாங்குன மரச்செக்கு கடலெண்ணெய், எப்பவும் இருக்குற நல்லெண்ணெய், பையன் யூடியூப் பாத்துட்டு கேட்ட சூரியகாந்தி எண்ணெய். நெய் டின் தனி, அத யாரும் கணக்குலயே சேக்கல. ஆளுக்கொரு வாட்ஸ்அப் வீடியோ ஆதாரம் வச்சிருந்தாங்க, சாப்பாட்டு மேசையில தினமும் பட்டிமன்றம்தான்.

அடுத்த தடவ கிளினிக் போனப்ப டயட்டிஷியன்கிட்ட இந்த ஆறையும் வரிசையா சொல்லிட்டு எது நல்லதுன்னு கேட்டேன். அந்தம்மா எதையும் சொல்லாம "மாசத்துக்கு எத்தன கிலோ எண்ணெய் தீருது, வீட்டுல எத்தன பேரு"ன்னு திருப்பி கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. பதினெட்டு வருஷமா சமைக்கிறேன், வாங்குறதும் நான்தான் ஊத்துறதும் நான்தான், எவ்வளவு தீருதுன்னு தெரியல.

அதனால நீங்க மொதல்ல செய்ய வேண்டியது கடைக்கு போறது இல்ல. ஒரு மார்க்கர் எடுத்து பாட்டில் மேல திறந்த தேதிய எழுதுங்க, தீந்ததும் எண்ணி பாருங்க, அவ்வளவுதான். எங்க வீட்டுல நாலு பேரு, அஞ்சு கிலோ 24 நாள்ல தீந்துச்சு. 5000 கிராம 24ஆல வகுத்து நாலு பேருக்கு பிரிச்சா ஆளுக்கு ஒரு நாளைக்கு 52 கிராம், அதாவது கிட்டத்தட்ட நாலு மேசைக்கரண்டி. எண்ணெய் எதுவா இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஆலிவ்ல கம்மி செம்பனையில ஜாஸ்தின்னு எல்லாம் கெடையாது, அப்ப 52 கிராம்னா 470 கலோரி கிட்ட வெறும் எண்ணெய்லயே போகுது, இதுல நல்லெண்ணெய் நெய் சேக்கல, வெளிய தப்பாவ் (பார்சல்) வாங்குறது சேக்கல. உலக சுகாதார நிறுவனம் சொல்றது மொத்த கொழுப்புல இருந்து வர்ற கலோரி 30 விழுக்காட்டுக்கு மேல போகக்கூடாது, அதுல நிறைகொழுப்பு, அதாவது எல்டிஎல்ல ஏத்துற வக கொழுப்பு, 10 விழுக்காட்டுக்குள்ள இருக்கணும்னு. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு நிறைகொழுப்பு மட்டும் 22 கிராம் வரைக்கும்னு கணக்கு வருது. இந்த 22ஐ மனசுல வச்சுக்கங்க, கீழ வேணும்.

ஒரு சின்ன விஷயம், நம்ம ஊர் செம்பனை எண்ணெய் கிலோவுல விக்கிறாங்க, இந்தியாவுல இருந்து வர்ற நல்லெண்ணெய் கடலெண்ணெய் எல்லாம் லிட்டர்ல வருது. ஒரு லிட்டர் எண்ணெய் 920 கிராம் கிட்டதான் வரும், வெல ஒப்பிட்டு பாக்கும்போதும் மாசக் கணக்கு போடும்போதும் இத மறந்துடாதீங்க, நான் மறந்து ரெண்டு மாசம் தப்பா கணக்கு எழுதி வச்சிருந்தேன்.

சரி இப்ப எந்த எண்ணெய்ங்கிற கதைக்கு வருவோம். விழுக்காடு எல்லாம் எனக்கு மண்டையில நிக்காது, அதனால ஒரு மேசைக்கரண்டியில எவ்வளவு நிறைகொழுப்புன்னு எழுதி அலமாரி கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கேன். தேங்காய் எண்ணெய்னா 11ல இருந்து 12 கிராம். நெய் 8 கிட்ட. செம்பனை 6 கிட்ட. தவிட்டு எண்ணெய் 2.7, கடலெண்ணெய் 2.3, நல்லெண்ணெயும் ஆலிவும் ரெண்டுமே 1.9, சூரியகாந்தி ஒண்ணர, கனோலா 1. இப்ப அந்த 22ஐ எடுத்து வச்சு பாருங்க. தேங்காய் எண்ணெய்ல ரெண்டே கரண்டி ஊத்துனா அன்னைக்கு கோட்டா முடிஞ்சுது, அதுக்கப்புறம் கறி பால் முட்டை தேங்காப்பால் எதுக்கும் எடம் இல்ல.

இத மாமியார்கிட்ட சொன்னப்ப நடந்தத நான் எழுதல. அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, "எங்க அம்மா காலத்துல இருந்து தேங்காதான, யாருக்கு கொலஸ்ட்ரால் வந்துச்சு"ன்னு. அவங்க அம்மா காலத்துல காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு தோட்டத்துல பால் மரம் (ரப்பர்) சீவப் போனாங்க, மத்தியானம் வரைக்கும் நட, எண்ணெய்ய சின்ன போத்தல்ல அளந்து வாங்குனாங்க, வடை பலகாரம் எல்லாம் தீபாவளிக்குதான். எண்ணெய் மட்டும் அதேதான், மத்தது எதுவும் அதே இல்ல. தேங்காய் எண்ணெய்ல இருக்குற லாரிக் அமிலம் நல்ல கொலஸ்ட்ரால ஏத்துதுங்கிறது உண்மைதான், ஆனா கூடவே கெட்டதையும் ஏத்துது. அமெரிக்க இதய சங்கம் 2017ல வெளியிட்ட அறிக்கையில தேங்காய் எண்ணெய் எல்டிஎல்ல ஏத்துதுன்னு தெளிவா சொல்லி, வேணாம்னே சொல்லிட்டாங்க. நான் வீட்டுல முழுசா நிறுத்தல. அவியலுக்கு மேல ஒரு டீஸ்பூன் பச்சையா ஊத்துறேன், வாசன முழுசா கெடைக்குது, நாலு பேரு பங்கு போட்டா ஒண்ணும் ஆகாது. தாளிக்க, பொரிக்கதான் நிறுத்துனேன்.

செம்பனைய பத்தி நம்ம ஊர்ல ரெண்டு கட்சி. ஒரு கட்சி அது விஷம்ங்குது, இன்னொரு கட்சி நம்ம நாட்டு பொருள், குற சொல்லாதேங்குது. எங்க அப்பா கோலசிலாங்கூர் பக்கம் எஸ்டேட்ல பொறந்து வளந்தவரு. மலேசியாவுலயே மொதல் மொதலா வியாபாரத்துக்குன்னு செம்பனை போட்ட எடம் அந்தப் பக்கம்தான், 1917ல, தோட்டத்தோட பேரு என்னன்னு பாத்தா தென்னமரம் எஸ்டேட். பேரு தென்னமரம், நட்டது செம்பனை, அப்பா இத சொல்லி சொல்லி சிரிப்பாரு. நான் ரெண்டு கட்சியிலயும் இல்ல. செம்பனையில கிட்டத்தட்ட பாதி நிறைகொழுப்பு, நாம பாட்டில்ல வாங்குறது அதுல திரவமா பிரிச்சு எடுத்த பகுதி, அதுல கொஞ்சம் கம்மி. தேங்காய் எண்ணெய விட பரவால்ல, கடலெண்ணெய விட மோசம், அவ்வளவுதான் விஷயம். அது நல்லா நிக்கிற எடம் பொரிக்கிற வேல, அத கீழ சொல்றேன். மானிய விலையில ஒரு கிலோ பாக்கெட் ரெண்டர வெள்ளிக்கு (ரிங்கிட்) கெடைக்கிறப்ப சம்பளம் கம்மியா இருக்குற வீட்டுல போயி செம்பனைய தூக்கி போட்டுட்டு ஆலிவ் வாங்குன்னு சொல்றது பேச்சில்ல. அதையே வச்சுக்கிட்டு அளவ பாதியாக்குங்க, அதுவே பெரிய மாற்றம்.

இன்னொண்ணு, செம்பனை எண்ணெய ஐஸ்பெட்டியில வச்சா வெள்ளையா ஒறஞ்சிடும், அது மாதிரிதான் ரத்தக் குழாய்லயும் ஒறையும்னு ஒரு வீடியோ எல்லா குடும்ப குரூப்புலயும் சுத்துது. ஐஸ்பெட்டி நாலு டிகிரி, ஒடம்பு 37 டிகிரி, உள்ள எதுவும் அப்படி ஒறையாது. கடலெண்ணெயும் ஆலிவும் கூடத்தான் குளிர்ல கட்டியாகும். நிறைகொழுப்பு செய்யுற வேல வேற மாதிரி, ரத்தத்துல ஓடுற எல்டிஎல்ல ஈரல் இழுத்து வச்சுக்கணும், நிறைகொழுப்பு ஜாஸ்தியானா ஈரல் இழுக்குறது கொறையுது, அதனால ரத்தத்துல எல்டிஎல் தங்கிப் போகுது. அதே வீடியோ பாத்துட்டு நல்லெண்ணெய் கலப்படமான்னு ஐஸ்பெட்டியில வச்சு பாக்குறவங்களும் இருக்காங்க. கட்டியா ஒறஞ்சா சந்தேகப்படலாம், ஆனா ஒறையலன்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல, வேற மலிவான எண்ணெய் கலந்திருந்தா அதுவும் ஒறையாது.

நல்லெண்ணெய்க்கு நான் கொஞ்சம் பட்சபாதம், முன்னாடியே சொல்லிடுறேன். எண்ணெய்ங்கிற வார்த்தையே எள் நெய்தான, மத்ததெல்லாம் பின்னாடி வந்து அந்தப் பேர கடன் வாங்கிக்கிச்சு. நிறைகொழுப்பு ஆலிவ் அளவுதான் இருக்கு, சாம்பார், வத்தக்குழம்பு, தோச, இட்லி பொடின்னு நம்ம சாப்பாட்டுக்கு அப்படியே பொருந்துது, எள்ளுல இயற்கையா இருக்குற சில பொருள்களால சீக்கிரம் காறாது. வீட்டுல இது இருக்கும்போது நாத்தனார் 40 வெள்ளி குடுத்து ஆலிவ் வாங்கிட்டு வந்தாங்க, வெண்ணெய்ய கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கத. ஆலிவ் மோசம்னு சொல்லல, ரொம்ப நல்ல எண்ணெய்தான், ஆனா அந்த விலையான எக்ஸ்ட்ரா வெர்ஜின குவாலியில (வாணலி) ஊத்தி வடை சுட்டாங்க பாருங்க, அதுதான் தாங்கல. வாசன போச்சு, காசு போச்சு, வடையும் ஒரு மாதிரி கசந்துச்சு. சாலட்டு, மீன் மேல ஊத்துறது, லேசா வதக்குறதுன்னு இருந்தா வாங்குங்க.

நல்லெண்ணெய் வாங்கும்போது ஒரு தப்பு புதுசா சமைக்கிற பிள்ளைங்க பண்றாங்க. சூப்பர்மார்க்கெட்ல சீன சாமான் வரிசையில மின்யாக் பிஜான்னு சின்ன போத்தல்ல கருப்பா இருக்கும், அதுவும் எள்ளு எண்ணெய்தான், ஆனா எள்ள நல்லா வறுத்து ஆட்டுனது. அத ரெண்டு சொட்டு கடைசியில வாசனைக்கு விடணும். என் தங்கச்சி மக அதுல புளியோதரை தாளிச்சிட்டா, வீடு பூரா சீனக்கட வாசம். நம்ம நல்லெண்ணெய் பச்ச எள்ளுல ஆட்டுறது, தேன் நெறத்துல இருக்கும், லிட்டில் இந்தியாவுல லெபோ பாசார் பக்கம் எந்த மளிகக் கடைக்கு போனாலும் கெடைக்கும்.

கடலெண்ணெய்க்கும் அங்கதான் போறேன். மரச்செக்குன்னு எழுதியிருந்தா வெல ரெட்டிப்பு. செக்குல ஆட்டுனதுல வாசன, ருசி, கொஞ்சம் நல்ல சத்து தங்கும், ஆனா கொழுப்போட கணக்கு மாறாது, செக்கு கடலெண்ணெய்லயும் ஒரு கரண்டிக்கு அதே 2.3 கிராம், அதே 120 கலோரி. "செக்கு எண்ணெய்தான, எவ்வளவு வேணா ஊத்தலாம்"னு நெனச்சு கூட ஊத்துறதுதான் எங்க வீட்டுல நடந்துச்சு. இன்னொரு விஷயம், நிலக்கடலையில பூசணம் புடிச்சா அஃப்லாடாக்சின்னு ஒரு நச்சு வரும், ஈரலுக்கு ஆகாது. ஆலையில சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் போயிடும், செக்குல ஆட்டுனது அப்படியே வரும். அதனால செக்கு எண்ணெய்னா நல்ல ஓட்டமுள்ள கடையில, தயாரிச்ச தேதி போட்டது, சின்ன பாட்டிலா வாங்குங்க. வெயில்ல கடை வாசல்ல அடுக்கி வச்சிருக்குறத தொடாதீங்க. நான் ஒரு தடவ மலிவா கெடைக்குதேன்னு அப்படி வாசல்ல இருந்த ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வந்து மூடிய திறந்தா சிக்கு வாடை, பழைய பெயிண்ட் டின்ன திறந்த மாதிரி. திருப்பி குடுக்கப் போனா "செக்கு எண்ணெய் வாசம் இப்படித்தாங்கா இருக்கும்"னு கடக்காரத் தம்பி எனக்கே பாடம் நடத்துறாரு. நல்ல கடலெண்ணெய் வறுத்த கடல வாசம்தான் வீசும், தொண்டையில காறாது. சந்தேகமா இருந்தா ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு தேச்சு மோந்து பாருங்க, சூட்டுக்கு வாட நல்லா தெரியும்.

சூரியகாந்தியும் கனோலாவும் நிறைகொழுப்பு கம்மியான எண்ணெய்ங்க, பொரியல் கூட்டுக்கு தாளிக்க தாராளமா வச்சுக்கலாம், கனோலாவுல கொஞ்சம் ஒமேகா மூணும் இருக்கு. ஆனா ஒமேகா மூணுக்காக எண்ணெய் தேடுறதுக்கு பதிலா வாரம் ரெண்டு நாள் பாசார்ல (சந்தை) கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) வாங்கி கொழம்பு வைங்க, பொரிக்காம.

லேபில பத்தி ரெண்டு வார்த்த. "கொலஸ்ட்ரால் இல்லை"ன்னு பெருசா போட்டிருந்தா ஏமாறாதீங்க, செடியில இருந்து வர்ற எந்த எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் இல்லைன்னே சொல்லலாம், தண்ணியில கொழுப்பு இல்லைன்னு எழுதுற மாதிரிதான் அது. பின்பக்கம் திருப்பி லெமாக் தெப்புன்னு இருக்குற வரிய பாருங்க, அதுதான் நிறைகொழுப்பு. "மின்யாக் சாயுரான்"னு (தாவர எண்ணெய்) மட்டும் போட்டிருந்தா நம்ம ஊர்ல பெரும்பாலும் செம்பனைதான் உள்ள. கலவை எண்ணெய்னு கடலையும் எள்ளும் படம் போட்டு வர்றதுலயும் முக்கால்வாசி செம்பனையா இருக்கலாம், பொருள் பட்டியல்ல எது மொதல்ல எழுதியிருக்கோ அதுதான் ஜாஸ்தி. பிஸ்கட், கேக், வனஸ்பதி மாதிரி சாமான்ல "தெர்ஹிட்ரோஜென் செபாரா"ன்னு (பாதி ஹைட்ரஜன் ஏத்துனது) எங்கயாச்சும் பாத்தா கீழ வச்சிடுங்க, அது டிரான்ஸ் கொழுப்பு. நல்லத கொறச்சு கெட்டத ஏத்துற ஒரே கொழுப்பு அதுதான், 2018லயே உலக சுகாதார நிறுவனம் இத உலகத்த விட்டே ஒழிக்கணும்னு கெளம்பிடுச்சு.

நெய்ய விட மாட்டோம்னு எனக்கு தெரியும், நானும் விடல. ஒரு டீஸ்பூன் நெய்யில 3 கிராம் கிட்ட நிறைகொழுப்பு. பருப்பு சோத்துக்கு மேல ஒரு டீஸ்பூன், சரி. கேசரியில கால் டின்னு கவுத்துறது விசேஷத்துக்கு மட்டும். கல்யாண வீட்டுல கேக்கவே வேணாம், ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேதான்.

இப்ப பொரிக்கிறது. பூரி, அப்பளம், வடைன்னு எண்ணெய் நெறைய சூடாகுற வேலைக்கு சூரியகாந்தி மாதிரி எண்ணெய் அவ்வளவு தோதில்ல, திரும்ப திரும்ப சூடாக்குனா சீக்கிரம் கெட்டு வேண்டாத பொருள்ங்க உண்டாகும். இங்கதான் செம்பனையோ சுத்திகரிச்ச கடலெண்ணெயோ தவிட்டு எண்ணெயோ நிக்குது, சூடு தாங்கும். சூடு 170ல இருந்து 180 டிகிரி போதும், வீட்டுல அளக்க யாருகிட்டயும் கருவி இல்ல, ஒரு சிட்டிக மாவ போட்டா அடியில போயி உடனே நுரச்சுக்கிட்டு மேல வரணும், அதுதான் பதம். அடியிலயே ஒக்காந்தா சூடு பத்தல, வடை எண்ணெய்ய குடிக்கும், போட்டதும் கருகுனா சூடு ஜாஸ்தி. புகை வந்துட்டா அடுப்ப அணைங்க, "காஞ்சிடுச்சு"ன்னு சந்தோசப்படாதீங்க, அது எண்ணெய் ஒடையுற அறிகுறி. பெரிய குவாலியில நெறைய ஊத்தி மீதிய வச்சு வச்சு எடுக்குறதுக்கு பதிலா சின்ன குழியான குவாலியில கொஞ்சமா ஊத்தி நாலு நாலா சுடுங்க, நேரமாகும், ஆனா மீதி கம்மி.

மீதி எண்ணெய்ல நான் கண்டிப்பா இருக்குறது ஒண்ணுதான், பழைய எண்ணெய் மேல புதுசு ஊத்தவே மாட்டேன். பழசுல இருக்குற கெட்டது புதுசையும் சீக்கிரம் கெடுத்துடும். ஆறுனதும் மெல்லிசு துணியில வடிகட்டி அடியில நிக்குற கருப்பு தூள வீசிட்டு மூடி வச்சு, நாலஞ்சு நாளுக்குள்ள தாளிக்க ஒரு தடவ, முடிஞ்சுது. மீன் பொரிச்சதுன்னா மீனுக்கு மட்டும். நெறம் கருத்து, கையில பிசுக்குன்னு ஒட்டி, சூடு பண்ணா நுர அடங்காம பொங்குனா அத சாப்பாட்டுல சேக்காதீங்க. சிங்க்ல ஊத்தாதீங்க, பிளாட்ல குழாய் அடச்சு கீழ் வீட்டுக்காரங்ககிட்ட திட்டு வாங்குனது நான்தான். போத்தல்ல சேத்து வச்சா பழைய எண்ணெய் கிலோ கணக்குல வாங்கிக்கிறவங்க இருக்காங்க, எங்க பிளாட் கீழயும் ஒருத்தர் வர்றாரு.

வைக்கிற எடமும் முக்கியம். அடுப்பு பக்கத்துல கைக்கு எட்டுற மாதிரி வைக்கத்தான் தோணும், ஆனா சூடு வெளிச்சம் காத்து மூணும் எண்ணெய்க்கு எதிரி. பினாங்கு சூட்டுல கேக்கவே வேணாம். அலமாரிக்குள்ள வைங்க, மூடிய இறுக்குங்க. பாக்கெட் எண்ணெய்ய போத்தல்ல ஊத்துறவங்க பழைய போத்தல கழுவி, நல்லா காய வச்சு, அப்புறம் ஊத்துங்க, அடியில நிக்குற பழைய பிசுக்கே புது எண்ணெய காற வச்சிடும்.

அளவ கொறச்சதுக்கு நான் பண்ணது ரெண்டே வேல. கவுத்து ஊத்துற பழக்கத்த விட்டு குசினியில ஒரு டீஸ்பூன எண்ணெய்க்குன்னே தொங்க விட்டேன், நாலு பேருக்கான பொரியலுக்கு நாலு டீஸ்பூன். வெங்காயம் ஒட்டுனா எண்ணெய் விடாம கொஞ்சம் தண்ணி தெளிக்கிறேன். மொத வாரம் எல்லாரும் மொகத்த சுளிச்சாங்க, மூணாவது வாரம் வெளிய நாசி கண்டார் சாப்பிட்டு வந்துட்டு பையனே "என்னம்மா இவ்வளவு எண்ணெய்"னான். வெளிய சாப்பிடுறதுதான் கணக்குல வராத ஓட்ட, ரொட்டி சானாய், பொரிச்ச கோழி, தே தாரிக்குல ஊத்துற கிரீமர்லகூட செம்பனை கொழுப்பு இருக்கு. 2023ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு கொலஸ்ட்ரால் ஜாஸ்தின்னு வந்துச்சு, மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கட) ஒரு மேசையில மூணு பேரு ஒக்காந்தா கணக்கு சரியா வருது.

இப்ப எங்க வீட்டுல மாசத்துக்கு ரெண்டு கிலோ செம்பனை, ஒரு லிட்டர் கடலெண்ணெய், அர லிட்டர் நல்லெண்ணெய், ஆளுக்கு நாளைக்கு ரெண்டு கரண்டி கிட்ட வருது. வைத்தியனுக்கு குடுக்குறத வாணியனுக்கு குடும்பாங்க, நாங்க ரெண்டு பேருக்கும் குடுக்குறோம். வீட்டுக்காரர் எல்டிஎல் 2.9க்கு எறங்கிடுச்சு, மாத்திரையும் சாப்பிடுறாரு, அதனால எண்ணெய்தான் காரணம்னு நான் பெரும பீத்த மாட்டேன், நீங்களும் எண்ணெய்ய மாத்திட்டு மாத்திரைய நிறுத்திடாதீங்க. பாட்டில்ல இந்த மாசம் 3ஆம் தேதின்னு எழுதியிருக்கு, இன்னைக்கு 21, இன்னும் பாதி கிட்ட நிக்குது. நாளைக்கு மெதுவடை சுடணும்னு மாமியார் உளுந்து ஊற வச்சிட்டாங்க.